ஸ்கேனில் ஒன்றும் இல்லை, எனக்கோ எதுவும் நினைவில் நிற்கவில்லை

நாள்பட்ட மன அழுத்தம் ஆளுடைய ஞாபகசக்தியையே தின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கம் போகும், பிரஷர் ஏறும், வயிறு கெடும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். நேற்று பேசிய ஆளின் பெயர் வராது, பூட்டினோமா இல்லையா என்று தெரியாது, பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் காணாமல் போகும் என்பதெல்லாம் தெரியாது. தெரியாததால், மறதி நோய் வந்துவிட்டது என்றே நம்பி ஒரு வருஷத்துக்குப் பக்கம் தனியாக அலைந்தேன். ஸ்கேன், டெஸ்ட், சத்து மாத்திரை, சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போனது. இதே நிலையில் இப்போது யாராவது இருப்பீர்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். பையன் அப்போது பிளஸ் டூ. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லை. தம்பி புனேயில் இருக்கிறான், பணம் அனுப்புவான், போனில் கேட்பான். ஆஸ்பத்திரியிலிருந்து ரைல்ஸ் டியூபோடு, அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயோடு, வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பகலுக்கு ஒரு ஹோம் நர்ஸ், ராத்திரிக்கு நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலாரம் வைத்து எழுந்தேன். காலையில் பையனுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு ஆபீஸ். மாதக் கடைசியில் ஷிப்மெண்ட் இருந்தால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். இப்படியே மாதங்கள் ஓடின. முடிகிறது, சமாளிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

முதலில் போனது எண்கள். பார்ட்டிகளின் ஜிஎஸ்டி நம்பரைப் பார்க்காமலே அடிப்பவள் நான். திடீரென்று ஓடிபி ஆறு இலக்கம் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கண்ணை நகர்த்துவதற்குள் கலைந்துபோனது. அப்புறம் பெயர்கள். வருஷக்கணக்காகப் பழகிய சாயப்பட்டறைக்காரர் எதிரில் நின்று பேசுகிறார், அவர் பெயர் வரவில்லை. ஒரே இன்வாய்ஸை இரண்டு தடவை பதிவு செய்து, அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆனது. இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். விட முடியாதது அந்த ராத்திரி. அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து டியூபில் விட வேண்டும். கையில் சிரிஞ்ச் ஈரமாக இருக்கிறது. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்துவிட்டுக் கழுவப் போகிறேனா, இல்லை கொடுப்பதற்கு முன்னால் கழுவினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினேன், நேற்று எத்தனை இருந்தது என்பது நினைவில் இருந்தால்தானே அந்த எண்ணிக்கைக்குப் பயன். அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான் அவரால் முடியும்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒன்று செய்யுங்கள். புது அட்டை வாங்கியதும் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் தேதியையும் வேளையையும் பேனாவால் எழுதிவிடுங்கள். காலியாக இருந்தால் கொடுத்தாகிவிட்டது. மூளையை நம்பவே வேண்டாம். கேஸ், பூட்டு, மோட்டார் மூன்றையும் அணைத்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள், சத்தமாகச் சொன்னது கொஞ்சம் நிற்கிறது. நான் சரியாகும்வரை என்னைத் தாங்கியவை இவைதான்.

என் அம்மாயி கடைசி வருஷங்களில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். அது எனக்குள் இருந்தது. நாற்பத்துமூன்று வயதில் எனக்கும் ஆரம்பித்துவிட்டது, அப்பாவை யார் பார்ப்பார்கள், பையன் என்ன ஆவான் என்று ராத்திரி விழித்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் தெரிந்தால் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள், வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் அங்கே தூங்க மாட்டார். சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு சக்தி செலவாகிறது, அது அப்போது புரியவில்லை.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று போனேன். ஐந்து நிமிஷம். குளோனாசிபாம் எழுதிக் கொடுத்தார். தூக்கம் வந்தது, நானும் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்காக வாங்கினேன். அந்த வகை மாத்திரை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்கிற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது, அதோடு புதிய நினைவு பதிவதையும் தடுக்கிறது. மறதியோடு போன எனக்கு மறதியைக் கூட்டும் மாத்திரை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. தூக்க மாத்திரை எழுதினால் எத்தனை நாளைக்கு, ஞாபகத்தைப் பாதிக்குமா, எப்படி நிறுத்துவது என்று மூன்றையும் அங்கேயே கேளுங்கள். ஏற்கெனவே பல வாரமாக எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் கோயம்புத்தூரில் நரம்பியல் டாக்டர். ரத்தப் பரிசோதனைகளும் எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷன்தான், ரிலாக்ஸா இருங்க" என்றார். வெளியில் வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். கட்டி இல்லை, மூளை சுருங்கவில்லை என்பதில் நிம்மதி வந்திருக்க வேண்டும், எனக்கு வரவில்லை. ஒன்றும் இல்லையென்றால் எனக்கு நடப்பது என்ன? அந்த ரத்தப் பரிசோதனைகள் மட்டும் செலவழித்த காசுக்குத் தகும். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்த சோகை இருந்தாலும், சர்க்கரை எகிறியிருந்தாலும் இதே மந்தம் வரும். எனக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள், கொஞ்சம் தெளிவும் வந்தது. ஆகவே முதலில் இவற்றைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இவற்றில் பலவற்றைக் காசில்லாமலே எடுக்கலாம்.

வீணானது அதற்கப்புறம் போனதுதான். போனில் இதைப் பற்றித் தேடத் தேட விளம்பரமாக வந்து கொட்டியது. ஒரு லேபில் "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பேக்கேஜ்" என்று கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன், செரட்டோனின், டோபமைன் என்கிற மூளை ரசாயனங்கள் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். கார்டிசால் நார்மல் என்று வந்தது. நார்மல் என்றால் ஸ்ட்ரெஸ்ஸும் இல்லையே என்று இன்னும் குழம்பினேன். கார்டிசால் எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. காலையில் எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், இறங்கி இறங்கி நடுராத்திரிக்கு அடிமட்டத்தில் இருக்கும். ஒரு நேரத்தில் எடுத்த ஒரு ரத்தத் துளியை வைத்து உங்கள் வாழ்க்கையின் அழுத்தத்தை அளக்க முடியாது. அந்தப் பரிசோதனை குஷிங், அடிசன் மாதிரியான அட்ரினல் நோய்களைச் சந்தேகப்படும்போது டாக்டர் எழுதித் தருவது. செரட்டோனின் கதை இதைவிட மோசம். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உண்டாகிறது, ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் போகவும் முடியாது. அப்படியிருக்க ரத்தத்தில் அளந்து மூளையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ஞாபகசக்திப் பவுடர், மாத்திரை என்று மாதம் மூவாயிரத்துக்கு மேல் வாங்கியதும் இதே கணக்கில் சேர்ந்தது.

மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்தில் ஒரு சாயங்காலம் நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு உள்ளே போகாமல், சாகப் போகிறேன் என்றே தோன்றியது. ஆபீசில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈசிஜி, மாரடைப்பா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, ஒரு ராத்திரி அட்மிஷன், பில் பதினைந்தாயிரம். இதயத்தில் ஒன்றும் இல்லை. அங்கே டூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர்தான் ஓரமாக நின்று, "அக்கா, இது பேனிக் அட்டாக். மனநல டாக்டரை ஒரு தடவை பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூளையில் கோளாறு என்றால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன், மனநோய் என்றால் தயாராக இல்லை. இரண்டும் ஒரே உறுப்புதான் என்று அப்போது தோன்றவில்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன், தெரிந்தவர்கள் யாரும் இருக்கக் கூடாதே என்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு. ஓபி சீட்டு போட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "நீயும் தூக்கம் வராமத்தான் வந்தியா கண்ணு?" என்று கேட்டார். உள்ளே இருந்த டாக்டரம்மா என் ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டு, "அப்பா விழுந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார். சொன்னேன். எவர்சில்வர் டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, காபி தரையில் எந்தப் பக்கம் ஓடியது, 108 வண்டி எந்தத் தெரு வழியாக வந்தது, டிரைவர் என்ன சட்டை, எல்லாம். "நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றார். தெரியவில்லை. "முந்தாநாள் ராத்திரி அப்பாவுக்கு மாத்திரை குடுத்தீங்களா?" தெரியவில்லை. "உங்க மூளை அழியலைங்க. ரொம்ப நாளா ஒரே வேலையை மட்டும் செஞ்சிக்கிட்டு இருக்கு" என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஆபத்து என்று மூளை முடிவெடுத்த நொடியில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பாய்கின்றன. இதயம் ஓடுவது, கை வேர்ப்பது இவற்றால்தான். கூடவே இன்னொரு சங்கிலி மெதுவாக ஓடுகிறது: மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அது கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் வில்லன் இல்லை, அது இல்லாவிட்டால் காலையில் எழுந்திருக்கவே முடியாது. பயமான நேரத்தில் இந்த ஹார்மோன்கள் அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டி, நடப்பதை ஆழமாகப் பதியச் செய்கின்றன. அடுத்த தடவை அதே ஆபத்து வந்தால் தப்பிக்க வேண்டுமே. டம்ளர் உருண்டது எனக்கு மறக்காமல் இருப்பது அதனால். சாதாரண நாளின் சாதாரண விஷயங்களைப் பதிவது ஹிப்போகாம்பஸின் வேலை. மூளையில் கார்டிசாலை அதிகமாக வாங்கிக்கொள்ளும் இடங்களில் அது முக்கியமானது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன் 1968இல் எலிகளிடம் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். மன அழுத்த ஹார்மோன் நேராகப் போய் ஞாபகப் பகுதியில் சேருகிறது என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லையாம்.

கார்டிசால் போதும், நிறுத்து என்று மேலே தகவல் சொல்வதிலும் அதே ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு. மாதக்கணக்காகக் கார்டிசாலில் ஊறினால் அந்த நிறுத்தும் வேலையும் தளர்கிறது. மேல் தொட்டி நிரம்பியும் சென்சார் வேலை செய்யாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிலைமைதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதியும் இதில் அடிவாங்குகிறது. திட்டமிடுவது, ஓடிபியைச் சில நொடி மனதில் பிடித்து வைப்பது, கோபத்தை அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷமாக ஆராய்ந்து சொல்வது, நார்அட்ரினலினும் டோபமைனும் அளவாக இருந்தால் அந்தப் பகுதி நன்றாக இயங்குகிறது, அளவுக்கு மீறிப் போனால் அதன் பிடி விட்டுப்போகிறது என்று. பரீட்சை நேரத்தில் பையன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதற்கு நான் கத்திய கத்தல் எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

எனக்கு உயிர் வந்தது இன்னொரு தகவலில். குஷிங் நோயில் கட்டியால் கார்டிசால் எக்கச்சக்கமாகச் சுரக்கும், அவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை கொடுத்துக் கார்டிசால் இறங்கியதும் அது ஓரளவு திரும்ப வளர்ந்திருக்கிறது. அவ்வளவு மோசமான நிலையிலிருந்தே மீள முடிகிறதென்றால் என் நிலை எம்மாத்திரம். இந்த ஒரு விஷயத்தை முதல் டாக்டரோ இரண்டாவது டாக்டரோ சொல்லியிருந்தால் நான் அந்த பஸ் ஸ்டாண்டில் அழுதிருக்க மாட்டேன். ரிலாக்ஸாக இருங்கள் என்பதில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை ஆரம்பித்தார்கள், குளோனாசிபாமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். செரட்டோனின் குறைந்துபோனது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று எளிதாகச் சொல்வார்கள், விஷயம் அவ்வளவு எளிதில்லை என்று டாக்டரே சொன்னார். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரட்டோனின் கூடிவிடுகிறது, ஆனால் குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகிறது, அந்த இடைவெளியில் மூளை தன்னைத்தானே மெதுவாக மாற்றியமைத்துக்கொள்கிறது. முதல் வாரம் குமட்டல், படபடப்பு இன்னும் கூடியது. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன். இதை ஆரம்பிக்கப் போகிறவர்கள் நாலு வாரமாவது பொறுங்கள். அந்தச் சமயத்தில் செத்துப் போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பொங்கல் லீவில் மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லாமல் சில நாள் மாத்திரை விட்டுப்போனது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுரீரென்று ஒரு வெட்டு, கிறுகிறுப்பு, காரணமில்லாத அழுகை. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

மாத்திரை பாதி என்றால் மீதிப் பாதி ராத்திரி. டாக்டரம்மா தம்பிக்கே போன் போடச் சொன்னார். "அக்கா தூங்கலைன்னா மாத்திரை வேலை செய்யாதுங்க" என்று அவரே பேசினார். நான் மாதக்கணக்காகக் கேட்கத் தயங்கியது ஒரு போனில் முடிந்தது. தம்பி ராத்திரிக்கும் ஆள் போடப் பணம் அனுப்பினான், லீவு கிடைத்தபோது வந்து அவனே பார்த்துக்கொண்டான். தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கிய முதல் வாரத்திலேயே ஓடிபி திரும்ப வந்தது. பெயர்கள் வர ரொம்ப நாள் ஆனது. மத்தியானத்துக்கு மேல் காபியை நிறுத்தினேன், குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரத்துக்கு அப்புறமும் உடம்பில் இருக்குமாம், நானோ ஆறு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒன்று குடிப்பவள். அப்புறம் நடை. 2011இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, வாரம் மூன்று நாள் நாற்பது நிமிஷம் என்று ஒரு வருஷம் நடந்த வயதானவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் அளவு பெருத்திருக்கிறது. நான் கம்பெனி பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் என்னால் முடியாது, உங்களாலும் முடியாது.

எல்லா மறதியையும் ஸ்ட்ரெஸ் என்று தள்ளிவிடவும் கூடாது. திடீரென்று ஒரே நாளில் குழப்பம், வாய் கோணல், ஒரு பக்கம் பலவீனம், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது இவையெல்லாம் இருந்தால் ஓடுங்கள், நரம்பியல் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் உடனே போக வேண்டும். எனக்கு மறக்கிறது என்று நீங்களே புலம்பிக்கொண்டு வந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம், நீங்கள் கவனிக்காமல் வீட்டார் கவனித்துக் கவலைப்பட்டால்தான் கூடுதல் அக்கறை வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், அது கார்டிசால் குடும்பம்தான், மனநிலையையும் ஞாபகத்தையும் அசைக்கும். போகும்போது ஒரு தாளில் எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்னென்ன மாத்திரை, வீட்டில் என்ன நிலைமை என்று எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே உட்கார்ந்ததும் மறந்துவிடும், அதுதானே நமக்கு வியாதி.

நேரில் போக இன்னும் மனம் வரவில்லையென்றால் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த எத்தனையோ ராத்திரிகளில் இந்த நம்பர் இருப்பதே எனக்குத் தெரியாது. போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஆள் யாரோ அவருடைய போனிலும்.